ஓரத்திலிருந்து வந்த காந்தம்

1

இந்தக் கதை ஒரு ‘ம்’மிலிருந்து பிறந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில், வழக்கமாக நான் புரட்டித் தள்ளிவிடும் அறிவியல் பக்கத்தில், ஒரு சின்னச் செய்தி. எங்கோ தொலைவில் ஒரு குழு, மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்றின் காந்தத்தை மின்னழுத்தத்தால் மட்டுமே திருப்பிக் காட்டியிருக்கிறதாம். இது கைகூடினால் கணினியின் நினைவுச் சில்லுகள் சூடேறாமல் வேலை செய்யுமாம். அக்கா வாழ்நாளில் பாதியைக் கொட்டிய விஷயமாயிற்றே என்று உடனே ஃபோன் போட்டு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைப்பு. “பிஸ்மத், இரும்பு, ஆக்சிஜன்” என்ற வரி வந்ததும் அவள் “ம்” என்றாள். அப்புறம், அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அக்கா வீட்டில் பால் வாங்குவதே இல்லை. அவளுக்கு ஒத்துக்கொள்ளாது.

நான் கதை எழுதுகிறவள். இப்படி ஒரு பொய் காதில் விழுந்தபிறகு சும்மா இருக்க முடியுமா? அறிவியல் மேல் மரியாதை, உடன்பிறந்தவள் மேல் பாசம் என்றெல்லாம் பின்னால் சொல்லிக்கொள்ளலாம். தொடங்கியது மூக்கை நுழைக்கும் புத்தியால்தான்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

‘கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால், லேசர் அடித்த இடத்தில், ஊதாநிறத்தில் ஒரு பூ மலர்ந்து அணைந்து மலர்ந்தது. அவள் இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணத்தில் அவள் மனத்தில்’

(இங்கே நின்றுவிட்டது. அவள் மனத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அக்காவிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பசி” என்றாள்.)

இரண்டாவது தொடக்கம்:

‘ஒரே உறைக்குள் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். மின்னும் காந்தமும் ஒரே படிகத்துக்குள் குடியிருப்பது அப்படித்தான். சில கணவன் மனைவியும்’

இதை அக்காவிடம் காட்டியது என் தவறு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். “என் படிகத்தை என் கல்யாணத்துக்கு உவமையா வெக்காத,” என்றாள். “படிகம் பாவம்டி.”

நான் விடவில்லை. நச்சரித்தேன். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். அவள் நடந்ததைச் சொல்வாள். நான் உவமை போடக்கூடாது. எழுதுகிற ஒவ்வொரு பகுதியையும் அவள் படித்துப் பார்க்க வேண்டும். அதில் பிழை இருந்தால் திருத்துவாள், பிடிக்கவில்லை என்பதற்காகத் திருத்தமாட்டாள். எனக்கு அது மலிவான பேரமாகத் தோன்றியது. நான் கையால் எழுதுகிறவள். பிரதி எடுக்கும் பழக்கமும் கிடையாது. எழுதிய தாளை அப்படியே கொண்டுபோய் அவள் முன்னால் வைப்பேன், அவள் பென்சிலை எடுத்துக்கொள்வாள்.

அந்த ஒப்பந்தம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரிந்திருந்தால், உவமைகளோடே எழுதித் தொலைத்திருப்பேன்.

3

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாமா என்று சிலர் கேட்பீர்கள். தாண்டினால் பின்னால் யார் எதற்கு வருந்துகிறார்கள் என்று தெரியாது. அக்கா எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன். நானே புரிந்துகொண்டேன் என்றால் உங்களுக்கென்ன.

பார்சல் வந்த ஓர் அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்தாள். இது ஒரு அறை என்று வைத்துக்கொள். எட்டு மூலையிலும் பிஸ்மத் அணு. நட்ட நடுவில் இரும்பு. மேலும் கீழும் நான்கு பக்கமுமாக ஆறு சுவரின் மத்தியிலும் ஓர் ஆக்சிஜன். இப்படிக் கோடானுகோடிப் பெட்டிகளை அடுக்கினால் படிகம். இந்த அடுக்குக்குப் பெரோவ்ஸ்கைட் என்று பெயர்.*

பெட்டிக்குள் அணுக்கள் ஒழுங்காக நடுவில் உட்கார்ந்திருப்பதில்லை. துளி ஒரு பக்கமாக நகர்ந்துவிடுகின்றன. அதனால் பெட்டியின் ஒரு முகம் நேர்மின்னாகவும் எதிர்முகம் எதிர்மின்னாகவும் ஆகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் அணு மறுபக்கம் தாவும். அழுத்தத்தை எடுத்த பிறகும் தாவிய இடத்திலேயே இருக்கும். இந்தக் குணத்துக்குத்தான் ஃபெரோஎலக்ட்ரிக் என்று பேர். இந்தப் பக்கம் என்றால் ஆம், அந்தப் பக்கம் என்றால் இல்லை. நினைவு வைத்துக்கொள்ள இயந்திரத்துக்கு அது போதும்.

காந்தம் வேறு சங்கதி. இரும்பு போன்ற அணுக்கள் குட்டிக் காந்த ஊசிகள். தொல்லை என்னவென்றால், இப்படி நகர்ந்து மின்முகம் காட்டும் அணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு குறிப்பிட்ட எலக்ட்ரான் அடுக்கு காலியாக இருக்க வேண்டும். காந்தம் காட்ட அதே அடுக்கில் ஆள் இருக்க வேண்டும். ஒரே அணு இரண்டு வேலையும் பார்ப்பது அரிது. அதனால் வேலையைப் பங்கு பிரித்தார்கள். மூலையிலிருக்கும் பிஸ்மத் நகரட்டும், நடுவிலிருக்கும் இரும்பு காந்தமாகட்டும்.

அப்படியும் வம்பு தீரவில்லை. ஒரு பெட்டியின் இரும்பு மேலே பார்த்தால் அடுத்த பெட்டியின் இரும்பு கீழே பார்க்கும். கூட்டினால் பூச்சியம். அவை நேருக்கு நேர் எதிராக இல்லாமல் மயிரிழை சாய்ந்து நிற்பதால் கொஞ்சம் மிஞ்சும். அந்தச் சாய்வும் வரிசையாகத் திரும்பித் திரும்பிச் சுருளாகப் போய்த் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

“அந்தச் சுருளை உடைக்கணும்,” என்றாள் அக்கா. “என் வேலை அவ்வளவுதான்.”

எப்படி? தன்னுடைய பெட்டிகளைவிடச் சற்றே சின்னப் பெட்டிகள் கொண்ட வேறொரு படிகத்தை அடித்தளமாக வைத்து, அதன்மேல் இந்தப் படலத்தை மெல்லிசாக வளர்ப்பாள். கீழே இருப்பதோடு ஒட்டி வளர வேண்டியிருப்பதால் படலம் இறுகும். சரியான இறுக்கத்தில் சுருள் உடையும். மிஞ்சிய சாய்வு வெளியே தெரியும். மின்னழுத்தத்தால் பிஸ்மத்தை நகர்த்தினால் அந்தச் சாய்வும் கூடவே திரும்பும். எந்த அடித்தளம், எவ்வளவு தடிமன், வளரும்போது எவ்வளவு சூடு, எவ்வளவு ஆக்சிஜன் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதை அக்கா ‘சுருதி சேர்க்கிறது’ என்பாள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இதற்கு வேறு சொல் இருக்கிறது. எனக்கு அக்காவுடையது போதும்.

* அட்டைப்பெட்டி உதாரணம் முழுச் சரியில்லை, உண்மையான பெட்டி மூலைவிட்டமாகக் கொஞ்சம் இழுபட்டிருக்கும் என்று இதைப் படித்துவிட்டு அக்கா சொன்னாள். போனால் போகிறது, அடிக்குறிப்பாவது போடு என்றாள். போட்டுவிட்டேன்.

4

இனி அத்தான் வர வேண்டும்.

இவரை எழுதுவதில்தான் எனக்குக் கை ஓடவில்லை. முதல் பிரதியில் முசுடாக எழுதினேன். அக்கா ஓரத்தில் ‘பொய்’ என்று எழுதினாள். அடுத்ததில் மகானாக எழுதினேன். ‘அதைவிடப் பொய்’ என்று வந்தது. ஆகவே குணத்தை விட்டுவிட்டுச் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

அக்கா படலம் வளர்ப்பவள். அவர் அளப்பவர். அவளுடைய அறை மேல்மாடியில்; அவருடைய இயந்திரம் அதே கட்டடத்தின் நிலவறையில், அதிர்வு எட்டாத மூலையில். திரவ ஹீலியத்தில் குளிரவைத்த அந்த இயந்திரம், ஒரு குண்டூசியைக்கூட அசைக்க முடியாத துணுக்குக் காந்தத்தையும் மோப்பம் பிடித்துவிடும். பக்கத்தில் போகிறவர்கள் கைக்கடிகாரத்தையும் இடுப்புப் பெல்ட்டையும் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். அதற்குள் போகும் மாதிரி கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது. அத்தான் அதை வைப்பார், அளப்பார், எடுப்பார், திருப்பி வைப்பார், “மறுபடி ஒரு தடவ பாத்துடலாம்” என்பார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரே ‘மறுபடி’. அவருக்கும் அது தெரியும். யாராவது நிலவறைக் கதவைத் தட்டினால், “மறுபடி இருக்கேன், வாங்க” என்று அவரே குரல் கொடுத்திருக்கிறார்.

அக்கா முதன்முதலாக அனுப்பிய மாதிரியை, தூசி இருக்கிறது என்று அவர் திருப்பி அனுப்பினார். சண்டை போடப் படியிறங்கிப் போனவள்தான். சண்டை முடிவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது.

அவர்கள் வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம் சாப்பாடு முடிந்ததும் அவர் பாத்திரம் தேய்ப்பார், இவள் துடைத்து அடுக்குவாள். பேச்சு முழுக்கச் சுருளைப் பற்றியே இருக்கும். சுருள் உடைகிறது, சுருள் பாதி உடைகிறது, சுருள் உடையமாட்டேன் என்கிறது. முதல் தடவை கேட்டபோது மகளின் தலைமுடியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே நினைத்தேன்.

5

நல்லது வந்த கதை.

வருஷக்கணக்கில் ஒன்றும் கிடைக்கவில்லை. மின்சாரம் கசிந்த படலங்கள், விரிசல் விட்ட படலங்கள், எல்லாம் சரியாக இருந்தும் காந்தமே இல்லாத படலங்கள். பிறகு ஒரு பிற்பகல், அத்தான் படியேறி அக்காவின் அறை வாசலில் வந்து நின்றார். அவர் மேலே வருவதே அபூர்வம். “வந்திருக்கு,” என்றார். கீழே அதைத் திருப்பித் திருப்பி அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பெரிய காந்தம். மின்னழுத்தத்தை மாற்றினால் அது கொஞ்சம் அசைகிறது. திருப்பி மாற்றினால் திரும்பி அசைகிறது.

அக்கா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். (இந்த வரியை எடுத்துவிடச் சொன்னாள். பிழையா என்று கேட்டேன். பிழை இல்லை என்றாள். அதனால் இருக்கிறது.)

இங்கே ஒரு கெட்டவன் இருந்தால் கதைக்கு வசதி. துறைத்தலைவரை அப்படி ஆக்கிப் பார்த்தேன். ‘மேசைமேல் விரல்களைத் தட்டியபடி அவர் குரூரமாக’ என்று ஒரு வாக்கியம் பாதியில் கிடக்கிறது. ஆனால் அவர் நல்ல மனிதர். அவசரக்காரர், அவ்வளவுதான். வேறு இரண்டு இடங்களில் இதே வேலை நெருங்கிக்கொண்டிருக்கிறது, முந்திக்கொள்வது நல்லது என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அத்தானுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. இவ்வளவு பெரிதாக இருப்பதே பயமாக இருக்கிறது என்றார். மாதிரியை எடுத்து வைக்க எல்லோரும் எஃகு ட்வீசரைத்தான் பயன்படுத்துகிறார்கள். எஃகில் இரும்பு இருக்கிறது. இன்னொரு படலம் வளர்த்து, தொடக்கத்திலிருந்து பிளாஸ்டிக் ட்வீசரால் மட்டுமே தொட்டு, ஒருதரம் பார்த்துவிடலாம் என்றார். நியாயமான பேச்சு. ஆனால் அந்த வாரம்தான் படலம் வளர்க்கும் அக்காவின் லேசர் பழுதாகிக் கிடந்தது. சரிசெய்யும் ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டும்; மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். காத்திருந்தால் பந்தயம் போய்விடும்.

அக்கா சொன்னாளாம்: “உங்களுக்கு இஷ்டமில்லன்னா சொல்லுங்க. உங்க பேர் இல்லாம அனுப்புறேன்.”

அவர் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. கட்டுரை போயிற்று. அச்சாயிற்று. அக்காவைப் பல ஊர்களுக்குக் கூப்பிட்டார்கள். உருளை உருளையாகக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்த வளர்ப்புக் கலத்தின் பக்கத்தில் அவள் நிற்கும் படம் பத்திரிகையில் வந்தது. அம்மா அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, வந்தவர் போனவரிடமெல்லாம், “நடுவுல நிக்கறது என் பொண்ணு, பக்கத்துல இருக்கறது பாய்லர் இல்ல,” என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

6

அத்தான் சும்மா இருக்கவில்லை. புதுப்படலம் இல்லாவிட்டால் என்ன, பழைய மாதிரியே கையில் இருக்கிறதே. காந்தம் காட்டிய அதே துண்டை எடுத்து, ட்வீசர் பிடித்த ஓரங்களை மட்டும் அமிலம் தொட்டுத் துடைத்தார். மறுபடி அளந்தார். மலைபோல் இருந்த காந்தம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அடித்தளப் படிகம் எஃகைவிடக் கடினமானது. தொடும்போதெல்லாம் ட்வீசரின் நுனியைச் சுரண்டி, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகளைத் தன் ஓரத்தில் அப்பிக்கொண்டிருக்கிறது. ஒரு ஊரே கைதட்டியது அந்த இரும்புத் துகளுக்கு.

இது நடந்தது ஒரு மாலை. மறுநாள் துறையின் பெரிய அரங்கில் அக்காவின் உரை; கேட்க வெளியிலிருந்து ஒரு மூத்த விஞ்ஞானி வந்திருந்தார்.

வீட்டுக்கு வந்தவர் அன்று சொல்லவில்லை. அக்கா படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். காலையில் அக்கா மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மகள், தன் வகுப்பில் அம்மாவின் படத்தைக் காட்டி, எங்கம்மா காந்தம் வளர்க்கிறாங்க, தண்ணி ஊத்தினா பெரிசாகும் என்று சொல்லிவைத்த கதையைச் சொல்ல, அக்கா சீப்பை வாயில் கவ்விக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அத்தான் சட்டையை மாட்டியபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று புறப்பட்டுவிட்டார்.

(இந்தச் சிரிப்பை அக்கா எனக்குச் சொல்லவில்லை. அவர் சொன்னது. அவள் இந்தத் தாளைப் படிக்கும்போது இந்த இடத்தில் பென்சிலை வைக்கவே இல்லை. ‘நான் சீப்பைக் கடிப்பேனா?’ என்று மட்டும் கேட்டாள்.)

உரை நன்றாகத்தான் போயிற்று. முடிந்ததும் வந்திருந்த விஞ்ஞானி எழுந்தார். குதர்க்கம் இல்லை, மரியாதையாகத்தான் கேட்டார். அளந்தவர் இங்கே இருக்கிறாரா? இந்தக் காந்தம் முழுவதும் படலத்திலிருந்துதான் வருகிறதா, அவருக்கு என்ன தோன்றுகிறது?

அத்தான் பின்வரிசையில் இருந்தார். எழுந்தார். நாற்காலியின் மடிப்புப் பலகை அவருக்குப் பின்னால் பட்டென்று மூடிக்கொண்டதாம். எல்லாத் தலைகளும் திரும்பின. அவர் அக்காவைப் பார்த்தார்.

“இல்ல,” என்றார். “ஓரத்துல இருந்து வருது.”

மேடையில் அவளுக்குப் பின்னால் பெரிய திரையில் அந்த வரைகோடு நின்றுகொண்டிருந்தது.

“எப்போ தெரியும்?” என்றாள் அக்கா.

“நேத்து.”

அக்கா புரொஜெக்டரை அணைத்தாள். வந்தவர்களுக்கு நன்றி சொன்னாள். இறங்கிவிட்டாள்.

7

கட்டுரையை அவளே திரும்பப் பெற்றாள். நேர்மை என்று சிலர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். அதுதான் ரொம்ப வலித்தது என்றாள்.

வீட்டில் ஒன்றே ஒன்று சொன்னாள். இனிமேல் அந்தப் படிகத்தைப் பற்றி இங்கே பேச்சு வேண்டாம். அத்தான் தலையாட்டினார். லேசர் சரியாகி வந்தபோது அவள் போய்ப் பார்க்கக்கூட இல்லை. வளர்ப்புக் கலத்தை வேறொரு துறை கேட்டது, கொடுத்துவிட்டாள். அவர்கள் அதன் பம்புகளைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தைப் பழைய சாமான் அறையில் போட்டார்கள். முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நன்றாக எடுத்தாள். அவளிடம் படித்த பிள்ளைகள் இன்றைக்கும் தெருவில் பார்த்தால் நின்று பேசுகிறார்கள்.

பிரியவில்லை. பெரிய சண்டை என்று ஒன்றும் இல்லை. அவர் தேய்த்தார், இவள் துடைத்தாள். பேச்சு, மகளின் பரீட்சை, தண்ணீர் வராத குழாய், காய்கறி விற்கிற விலை என்று போயிற்று. நல்ல தம்பதி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். மகள் வளர்ந்து வேலைக்கு வெளியூர் போனாள். இருவரும் ஓய்வு பெற்றார்கள்.

இத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்லிவிட்டாரே என்று கோபமா என்று அக்காவிடம் கேட்டேன். என்னை ஏதோ முதலாம் ஆண்டு மாணவியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“உண்மையச் சொன்னதுக்கு யாராவது கோவிப்பாங்களா? நேத்துன்னாரே. அதத்தான் தாங்க முடியல. நேத்துத் தெரிஞ்சுக்கிட்டு ராத்திரி முழுக்கப் பக்கத்துல படுத்திருக்கார்.”

இதைச் சொல்லிவிட்டு, இதையும் எழுதிக்கோ என்றாள்.

இங்கேயே கதையை முடித்திருக்கலாம். முடித்தும்விட்டேன். முற்றுப்புள்ளி வைத்த தாள் இன்னும் இருக்கிறது. அந்தப் பத்திரிகைச் செய்தியைப் பற்றி அத்தானிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று தோன்றாமல் இருந்திருந்தால்.

8

(இந்தப் பகுதியை எழுதும்போது அக்கா இதைப் படிக்கவில்லை.)

அத்தானுக்குப் புதுக்கண்ணாடி வாங்க வேண்டியிருந்தது. துணைக்குப் போனேன். கண்ணாடிக் கடையில் வில்லையைச் சட்டத்தில் பொருத்தித் தரும்வரை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். எதிர்ச்சுவர் முழுக்க, முகமில்லாத கண்ணாடிகள் வரிசையாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. பழைய கண்ணாடியும் கையில் இல்லாததால் அவர் எதையும் சரியாகப் பார்க்காமல், பேசுவதற்கு வசதியாக இருந்தார். பத்திரிகைச் செய்தியைப் பற்றிக் கேட்டேன்.

அவருக்கும் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

ஓரங்களைத் துடைத்த பிறகு பெரிய காந்தம் போய்விட்டது, சரி. ஆனால் பூச்சியம் ஆகவில்லை. கொஞ்சம் நின்றது. மிகக் கொஞ்சம். அரங்கில் அவர் எழுந்து நின்ற அன்று அதைப் பிழை என்று நினைத்து ஒதுக்கியிருந்தார். பிறகு தனியாக இருந்தபோது அந்தத் துண்டுக்கு மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்தார். அந்தக் கொஞ்சமும் அப்படியே திரும்பியது. முதலில் எல்லோரும் பெரிய காந்தம் லேசாக அசைகிறது என்று நினைத்தார்களே, அது இதுதான். பொய்யான பெரியதன் முதுகில் உண்மையான சின்னது உட்கார்ந்திருந்திருக்கிறது. பெரியதைத் துரத்தியபோது எல்லோருமாகச் சேர்ந்து சின்னதையும் துரத்திவிட்டார்கள். அக்கா சுருளை உடைத்துத்தான் இருந்தாள். பத்திரிகையில் போட்டிருப்பவர்கள் கண்டதும் ஏறக்குறைய அதே அளவு.

ஏன் அத்தான் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“பேச வேண்டாம்னு சொல்லிட்டா. அது ஒரு சாக்கு,” என்றார். “நான் சொல்லியிருந்தா ஆறுதல் சொல்றேன்னு நெனச்சிருப்பா. நான் அளந்து சொல்றத அவ ஆறுதல்னு எடுத்துக்கிட்டா, அப்புறம் நான் எதுக்கு?”

உள்ளே கடைக்காரர் வில்லையைத் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“அதுவும் முழுசு இல்லம்மா. எனக்கே நம்பிக்கை வரல. அவளுக்காக அது இருக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆச. ஆசப்படறவன் அளக்கக் கூடாது. வேற யார்கிட்டயாவது குடுத்து அளக்கச் சொல்லியிருக்கணும். புதுசா ஒண்ணு வளத்துக் குடுன்னு அவளையே கேட்டிருக்கணும். ஊருக்கெல்லாம் மறுபடி மறுபடின்னு சொன்னேன். அவகிட்ட மட்டும் வாய் வரல.”

அவர் முறை வந்தது. புதுக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையிலிருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை படித்துக் காட்டினார். தெளிவாக இருக்கிறது என்றார்.

திரும்பி வரும்போது, இதையும் எழுதுவாயா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

“எழுதினா அவ படிப்பா, இல்ல?”

“ஆமா அத்தான்.”

சிக்னல் விழும்வரை நின்றோம். “சரி,” என்றார். அது சம்மதமா, சலிப்பா, சாலையைக் கடக்கலாம் என்று சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

9

இனி நான் செய்யப் பார்த்தவை.

எட்டாம் பகுதியைக் கிழித்துப் போட்டுவிடலாம். கதை ஏழோடு நிற்கும். அழகாகவே நிற்கும். ஒரு பொய், ஒரு உண்மை, அதன் விலை. அக்காவும் இப்போது இருப்பதுபோலவே இருப்பாள். தோற்றுப்போன வேலை என்று ஒன்றைப் பற்றி நினைத்துக்கொள்ளலாம். அதில் ஒருவித நிம்மதி உண்டு. ஜெயித்த வேலையைக் கைவிட்டேன் என்று தெரிந்துகொண்டு இந்த வயதில் அவள் என்ன செய்வாள்? கலம் இல்லை, ஆய்வகம் இல்லை, முந்திக்கொண்டவர்கள் முந்திக்கொண்டார்கள்.

அத்தானையே சொல்ல வைக்கலாம். இதை எழுதியும் பார்த்தேன்: ‘பாத்திரங்களின் சத்தம் சட்டென்று ஓய்ந்தது. ஈரக்கையைத் துடைத்தபடி அவர், “நான் உன்கிட்ட ஒண்ணு” ’. இதற்குமேல் பேனா போகவில்லை. இத்தனை வருஷம் சொல்லாதவரை என் வசதிக்காகப் பேச வைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது?

இன்னொன்று, வாசகர்களுக்கு மிகவும் பிடிக்கும். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எனக்கு அப்பவே தெரியும்” என்று சொல்வது. எல்லோரையும் ஒரே வரியில் விடுதலை பண்ணிவிடலாம். ஆனால் அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கலத்தை அவள் உயிரே போனாலும் கொடுத்திருக்கமாட்டாள். அவளை எனக்குத் தெரியும். நாங்கள் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், கடைசி வாயை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

கொஞ்ச நாள் தாளைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அக்கா இரண்டு முறை ஃபோனில் கேட்டாள், அடுத்த பகுதி என்னாயிற்று என்று. எழுத வரவில்லை என்றேன். எனக்குப் பொய் சொல்ல அவளைவிட நன்றாகவே வரும். ஆனால் பேரம் பேரம்தான். தவிர, ஒரு ராத்திரி மறைத்ததையே தாங்காதவளிடம், மறைக்கிறவர்கள் வரிசையில் நானும் போய் நிற்பதா?

10

ஒரு முற்பகலில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தாள். சன்னல் வெயில் மேசையில் பாதிவரை வந்திருந்தது. பக்கத்து அறையில் அத்தான் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளிக்கும்போதெல்லாம் பெட்டி சொய்யென்றது. அவளுக்கு நேரெதிரே உட்கார எனக்குத் தைரியம் இல்லை. பக்கவாட்டில் உட்கார்ந்தேன்.

முதல் பத்தியில் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தினாள். கண்ணாடிக் கடையைப் பற்றிப் படிக்கும்போது லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது. பிறகு பென்சில் நின்றுவிட்டது. தாளின் கடைசிவரை போனாள். மேலே வந்தாள். அந்த ஒரு பத்தியை மட்டும் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எழுதத்தான் ஆசை. முதல் தொடக்கத்திலேயே பட்ட பாடு போதும்.

“இங்க கொஞ்சம் வாங்க,” என்று கூப்பிட்டாள்.

அத்தான் கையில் பாதி மடித்த சட்டையோடு வந்தார். மேசையில் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“எவ்வளவு இருந்துச்சு?”

அவர் உடனே பதில் சொன்னார். இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்காகவே நின்றுகொண்டிருந்தவரைப்போல. “இரைச்சலுக்குக் கொஞ்சம் மேல.”

“வோல்டேஜ் திருப்பினா?”

“திரும்புச்சு. முழுசா.”

“எத்தன தடவ பாத்தீங்க?”

அவர் சட்டையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். “ரிட்டயர் ஆகற வரைக்கும்,” என்றார்.

அக்கா அழவில்லை, கத்தவில்லை. இஸ்திரிப்பெட்டியை அணைத்தீர்களா என்று கேட்டாள். அணைத்துவிட்டேன் என்றார். எதிரிலிருந்த நாற்காலியைக் காலால் பின்னுக்குத் தள்ளி, “உக்காருங்க,” என்றாள். அவர் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் என் தாளைக் குப்புறத் திருப்பினாள். வெள்ளைப் பக்கம் மேலே வந்தது. பென்சிலை அதன்மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

“அந்தக் கோட்டப் போட்டுக் காட்டுங்க.”

அவர் பென்சிலை எடுத்தார். எடுத்தவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். அவர்கள் இரண்டு பேரும் நான் எழுந்ததைப் பார்த்ததாகத் தெரியவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, தாளில் பென்சில் உரசும் சத்தம் கேட்கிறதா என்று கொஞ்சம் நின்றேன். எழுதுகிறவளுக்கு அந்த இடத்தை விட்டு நகர்வது லேசில்லை. கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

அந்தத் தாளை அக்கா இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்கள் மேலே படித்த எட்டாம் பகுதி, என் நினைவிலிருந்து எழுதியது. ஓரிரு சொற்கள் மாறியிருக்கலாம், ஒற்றுப்பிழை மட்டும் இருக்காது.

அவர் கோடு போட்டாரா, அதைப் பார்த்து அவள் என்ன சொன்னாள், சொன்னாளா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்த மேசையில் பக்கவாட்டு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் போய் உட்காருங்கள். நான் வரவில்லை.